‘அசிஸ்ட்’ என்றால் எதுவரை? குற்ற வழக்கில் அரசு வழக்கறிஞரோடு உங்கள் வழக்கறிஞரும் சேர்வது எப்படி

ஜெர்மனியின் குற்றவியல் நடைமுறையில் ‘நேபன்க்ளேகர்’ என்றொரு நிலை உண்டு. பாதிக்கப்பட்டவர் அரசுத் தரப்போடு சேர்ந்து தானும் வழக்கு நடத்துபவர் ஆகிறார். சாட்சியிடம் கேள்வி கேட்கலாம், புதிய சாட்சியம் கோரலாம், இறுதியில் வாதிடலாம். இந்தியச் சட்டத்தில் அதற்கு இணையான சொல் கிடையாது. இங்கே இருப்பது ‘அசிஸ்ட்’, அதாவது அரசுத் தரப்புக்கு உதவுவது. உதவுவதைக் கூட்டாக வழக்கு நடத்துவதாக எடுத்துக்கொண்டு போடப்படும் மனுக்கள்தான் பெரும்பாலும் தள்ளுபடியாகின்றன.

முதலில் வழக்கு எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கிறது என்று பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., நடைமுறையில் உள்ளது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே விசாரணை நிலுவையில் இருந்த வழக்கு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படியே தொடரும். பிரிவு 531 அப்படித்தான் சொல்கிறது. இந்த உதவிக்கான பிரிவுகளின் பழைய எண்கள் 24(8), 301, 302. புதிய எண்கள் முறையே 18(8), 338, 339.

இந்த மூன்றில் எதைப் பிடிக்கிறீர்கள் என்பதே உங்கள் வழக்கறிஞரின் எல்லையைத் தீர்மானிக்கும்.

18(8)-இன் வரம்புரை (பிரிவோடு சேர்த்த நிபந்தனை வாசகம், ‘ப்ரொவைசோ’), பாதிக்கப்பட்டவர் தன் விருப்பப்படி ஒரு வழக்கறிஞரை அமர்த்தி அரசுத் தரப்புக்கு உதவ நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்கிறது. பழைய சட்டத்தில் இது 2009 டிசம்பர் 31 முதல் அமலுக்கு வந்த சேர்க்கை. 338(2) அந்த வழக்கறிஞர் எப்படி இயங்க வேண்டும் என்று சொல்கிறது: அரசு வழக்கறிஞரின் அறிவுறுத்தல்படி இயங்க வேண்டும், சாட்சியம் முடிந்தபின் நீதிமன்ற அனுமதியோடு எழுத்து மூலம் வாதம் தரலாம். 339 வேறு வகை. அது நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்துக்கு மட்டும் உரியது. நடுவர் அனுமதித்தால் தனிநபரே, நேரடியாகவோ வழக்கறிஞர் மூலமோ, அரசுத் தரப்பு வழக்கை நடத்தலாம். ‘வழக்கு நடத்துபவர்’ என்ற சொல் முழுப் பொருளில் தனிநபருக்குப் பொருந்தும் இடம் இது ஒன்றுதான்.

அமர்வு (செஷன்ஸ்) நீதிமன்றத்தில் 339-ஐக் காட்டி மனுப் போட்டால் நிற்காது. அங்கே வழக்கை அரசு வழக்கறிஞர்தான் நடத்த வேண்டும் என்று பிரிவு 248 கட்டாயமாக்குகிறது. அரசு வழக்கறிஞரே சம்மதித்தாலும் தனியார் வழக்கறிஞர் அங்கே வழக்கை நடத்த முடியாது என்று சிவகுமார் எதிர் ஹுக்கம் சந்த் வழக்கில் 1999-இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ரேகா முரார்க்கா வழக்கில் (2019) 24(8) வரம்புரையும் இந்த நிலையை மாற்றவில்லை என்றது: வாய்மொழி வாதமும் குறுக்கு விசாரணையும் உதவுவதில் அடங்காது. எப்படியாவது தண்டனை வாங்குவது அரசு வழக்கறிஞரின் வேலை அல்ல, நியாயமான விசாரணைக்கு அவர் பொறுப்பு என்பதே இதன் அடிப்படை. பாதிக்கப்பட்டவருக்கு இது கசக்கும். ஆனால் எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, இரண்டு வழக்கறிஞர்களிடமிருந்து இரண்டு விதமான குற்றச்சாட்டு வரக்கூடாது என்பதும் நியாயம்தான்.

மனுவை விசாரணை தொடங்கும் முன்பே போடுங்கள். வக்காலத்து பாதிக்கப்பட்டவர் பெயரில் இருக்க வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசு, சிறாராக இருந்தால் காப்பாளர் கையெழுத்திடலாம். பிரிவு 2(1)(ஒய்) இவர்களையும் ‘பாதிக்கப்பட்டவர்’ என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது. சீக்கிரம் வக்காலத்து தாக்கல் செய்வதில் இன்னொரு லாபம்: வழக்கறிஞர் மூலம் முன்னிலையாகும் பாதிக்கப்பட்டவருக்கும் குற்றப்பத்திரிகை, வாக்குமூல நகல்களை இலவசமாகத் தரச் சொல்கிறது பிரிவு 230. எதிரி முன்னிலையான நாளிலிருந்து 14 நாட்களுக்குள் அவை வந்துசேர வேண்டும்.

கோரிக்கைப் பத்தியில் சொற்களை அளந்து எழுதுங்கள். “18(8) வரம்புரை, 338(2) ஆகியவற்றின்படி அரசு வழக்கறிஞருக்கு உதவவும், சாட்சியம் முடிந்தபின் எழுத்து மூலம் வாதம் தாக்கல் செய்யவும் அனுமதிக்க வேண்டும்” என்பது போதும். “கூட்டாக வழக்கு நடத்த”, “சாட்சிகளை விசாரிக்க” என்று ஒரு வரி சேர்ந்துவிட்டால் எதிர்த்தரப்பு ஆட்சேபம் அந்த வரியைப் பிடித்துக்கொள்ளும்; மனு மொத்தமும் போகும். அரசு வழக்கறிஞரைக் குறை சொல்லியும் எழுதாதீர்கள். அனுமதி கிடைத்தபின் அவரோடுதான் வேலை செய்ய வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகுதான் உண்மையான வேலை. சாட்சி கூண்டில் நிற்கும்போது துண்டுச்சீட்டு நீட்டுவது பயன்படாது. வழக்குக் கட்டை அவிழ்த்துத் தேட அரசு வழக்கறிஞருக்கு நேரம் இருக்காது. முந்தைய நாளே ஒரு தாள் கொடுங்கள். அதில் சாட்சி எண், நிரூபிக்க வேண்டிய விஷயம், கேட்க வேண்டிய கேள்வி, போலீஸ் வாக்குமூலத்தில் அது உள்ள பக்கம் ஆகிய நான்கும் இருக்கட்டும். குறுக்கு விசாரணை நடக்கும்போது, மறு விசாரணையில் (அரசு வழக்கறிஞர் அதே சாட்சியிடம் மீண்டும் கேட்கும்போது) விளக்க வேண்டிய பதில்களை மட்டும் குறித்து, குறுக்கு விசாரணை முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். சாட்சி பிறழ்ந்தால், அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னால், அவரைக் குறுக்கு விசாரணை செய்ய அரசு வழக்கறிஞர் அனுமதி கேட்க வேண்டும்; எந்தெந்த வரிகளில் முரண்பாடு என்ற பட்டியல் அந்த நொடியில் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

சாட்சிகளுக்கு உங்கள் வழக்கறிஞர் பாடம் சொல்லித்தரக் கூடாது. “நேற்று யாரைப் பார்த்தீர்கள்?” என்ற குறுக்கு விசாரணைக் கேள்வி ஒன்றே உண்மையான சாட்சியத்தையும் சந்தேகத்துக்கு ஆளாக்கிவிடும்.

முக்கியமான கேள்வியை அரசு வழக்கறிஞர் கேட்கவே இல்லை என்றால்? நீதிபதி வழியாகப் போகலாம். ரேகா முரார்க்கா தீர்ப்பே அந்த வழியைக் காட்டுகிறது. பி.என்.எஸ்.எஸ். 348-இன்படி சாட்சியைத் திரும்ப அழைக்கவும், பாரதிய சாக்‌ஷிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 168-இன்படி நீதிபதியே கேள்வி கேட்கவும் அதிகாரம் உண்டு (பழைய எண்கள் 311, 165). விடுபட்ட கேள்வியையும் அது ஏன் அவசியம் என்பதையும் எழுதி மனுவாகக் கொடுங்கள். வாயால் சொன்னால் பதிவில் நிற்காது.

எழுத்து மூல வாதம் அரசுத் தரப்பின் கதையை ஒட்டியே போக வேண்டும். நேரம், இடம், ஆயுதம் இவற்றில் அரசு வழக்கறிஞர் ஒன்று சொல்லி நீங்கள் வேறு சொன்னால், அந்த முரண்பாட்டை எதிரியின் வழக்கறிஞர்தான் முதலில் படித்துக் காட்டுவார். தாக்கலுக்கு முன் வரைவை அரசு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

வழக்கு விடுதலையில் முடிந்தால் நிலை மாறுகிறது. பிரிவு 413-இன் வரம்புரைப்படி பாதிக்கப்பட்டவர் தன் பெயரிலேயே மேல்முறையீடு செய்யலாம். குறைந்த குற்றத்துக்குத் தண்டனை, போதாத இழப்பீடு ஆகியவற்றுக்கு எதிராகவும் செய்யலாம். அங்கே உங்கள் வழக்கறிஞர் உதவியாளர் அல்ல, மேல்முறையீட்டாளரின் வழக்கறிஞர், அவரே வாதிடுவார். விசாரணையின்போது கொடுத்த 348 மனுவும் அதன் மீதான உத்தரவும் அப்போது அவருக்குத் தேவைப்படும். இரண்டின் சான்றிட்ட நகல்களையும் அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.