பவர் டில்லர் இன்ஜின் ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லையா? கியர் பாக்ஸைப் பிரிக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்பு தொடங்கிவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் டில்லர் வேண்டும். கோடை முழுக்கத் தோப்பு ஓரத்திலோ பழைய வீட்டின் பின்கட்டிலோ நின்ற வண்டியை அப்போதுதான் வெளியே எடுப்போம். இன்ஜின் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கியரைப் போட்டுக் கிளட்ச்சை விட்டால் வண்டி நின்ற இடத்தை விட்டு நகராது. பார்க்கிறவர்கள் எல்லாம் "கியர் பாக்ஸ் போயிருக்கும்" என்பார்கள். அதை நம்பி உடனே பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். கியர் பாக்ஸ் கெட்டிருந்தால் அதற்கு முன்பே சத்தமும் உறுமலும் காட்டியிருக்கும். ஒரு சத்தமும் இல்லாமல் இழுவை (இன்ஜினின் சக்தி சக்கரத்துக்குப் போவது) நின்றுபோயிருந்தால் பெல்ட், கேபிள், போல்ட் என்று வெளியில் இருக்கும் ஏதோ ஒன்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஸ்பேனர் செட்டும் ஒரு சாக்பீஸும் இருந்தால் முக்கால்வாசி வேலையை நீங்களே பார்த்துவிடலாம்.

இழுவை போகும் வழி

இன்ஜினின் ஃப்ளைவீல் பக்கம் உள்ள புல்லியிலிருந்து இரண்டு அல்லது மூன்று வி-பெல்ட் கிளட்ச் புல்லிக்குப் போகும். அங்கே மெயின் கிளட்ச். அதற்கு அடுத்து கியர் பாக்ஸ். கியர் பாக்ஸின் கடைசியில் இடது, வலது என்று இரண்டு ஸ்டீயரிங் கிளட்ச். நம் ஊரில் சைடு கிளட்ச் என்போம். அதன் பிறகு ஆக்சில், சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டும் ஹப், சக்கரம். இந்த வரிசையில் எந்த இடத்தில் இழுவை நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் முழு வேலையும். கண்டுபிடிக்கும் வரை எதையும் கழற்ற வேண்டாம்.

முதலில் பாதுகாப்பு

இன்ஜினை நிறுத்துங்கள். கீழே சொல்லும் சோதனை எல்லாமே இன்ஜின் நின்ற நிலையில் செய்வது. ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் வேட்டி நுனியோ துண்டோ போகக்கூடாது. வேட்டியை மடித்துக் கட்டினால் போதாது, கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு சக்கரமும் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டுக் கை வைக்காதீர்கள். நம் பக்கம் செம்புறாங்கல் எங்கு பார்த்தாலும் கிடக்கும், அதை எடுத்து அடியில் வைக்கத் தோன்றும். வேண்டாம். பாரம் ஓர் ஓரமாக இறங்கினால் அந்தக் கல் உதிர்ந்துவிடும். நல்ல கனமான மரக்கட்டையை வையுங்கள்.

படி 1: நினைவுபடுத்திப் பாருங்கள்

வயலில் சக்கரம் நின்றபோது பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டர் சுற்றிக்கொண்டிருந்ததா? சுற்றியது என்றால் பெல்ட்டும் மெயின் கிளட்ச்சும் நன்றாக இருக்கின்றன. நேராகப் படி 5-க்குப் போய்விடலாம். இரண்டும் சேர்ந்து நின்றிருந்தால் பெல்ட்டிலிருந்து தொடங்குங்கள். வண்டி ஒரே பக்கமாக வட்டமடித்ததா என்பதையும் யோசியுங்கள். அப்படியானால் ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் இழுவை போகவில்லை.

படி 2: கையால் சுற்றிப் பார்ப்பது

முதல் கியரைப் போடுங்கள். மெயின் கிளட்ச் லிவர் 'ஆன்' நிலையில் இருக்கட்டும். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது சகஜம்.

ஒரு சக்கரம் மட்டும் லேசாகச் சுற்றிக்கொண்டே போனால் அந்தப் பக்கத்துச் சைடு கிளட்ச் அல்லது ஹப்தான் காரணம். இரண்டும் சேர்ந்து லேசாகச் சுற்றினால் கியர் சரியாக விழவில்லை, அல்லது மெயின் கிளட்ச் பிடிக்கவில்லை. இரண்டுமே இறுக்கமாக நின்றால் பெல்ட்டில் தேடுங்கள்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். கை பலத்துக்கு நிற்கும் கிளட்ச், வயலில் பாரம் ஏறும்போது வழுக்கலாம். ஆகவே இந்தச் சோதனை எங்கே இணைப்பு அறுந்திருக்கிறது என்று காட்டும். தேய்மானத்தைக் காட்டாது.

படி 3: பெல்ட்

கவரைக் கழற்றுங்கள். இரண்டு புல்லிக்கும் நடுவில் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் 2 செ.மீ. இறங்கினால் பொதுவாகச் சரி. சரியான அளவு வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும், அதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். தொளதொளவென்று இறங்கினால் இறுக்க வேண்டும். சில மாடலில் டென்ஷன் புல்லி இருக்கும். சிலவற்றில் இன்ஜினின் அடி போல்ட்டுகளைத் தளர்த்தி இன்ஜினையே முன்னால் நகர்த்த வேண்டும். நகர்த்தும்போது இரண்டு புல்லியும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று ஒரு நீளமான நேர்ச்சட்டத்தை வைத்துப் பாருங்கள். கோணலாக நின்றால் புது பெல்ட்டும் சீக்கிரம் பிய்ந்துவிடும்.

இறுக்கியும் வழுக்கினால் புல்லியின் காடியை, அதாவது பெல்ட் உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். வி-பெல்ட் பிடிப்பது பக்கவாட்டில்தான். அடியில் அது படவே கூடாது. காடியின் அடிப்பகுதி கண்ணாடி மாதிரி பளபளத்தால் பெல்ட்டோ புல்லியோ தேய்ந்து, பெல்ட் அடியில் உட்கார்ந்து ஓடுகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது, பேரிங்தான் கெடும்.

பெல்ட்டில் டீசலோ ஆயிலோ பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். மண்ணெண்ணெயில் துடைத்தால் ரப்பர் ஊறிப்போகும். பிடிப்பு வரட்டும் என்று குங்கிலியம் பூசுவதும் வேண்டாம். அன்றைக்கு ஓடும், மறுநாள் அதன் மேல் செம்மண் ஒட்டி உப்புத்தாள் போல ஆகிவிடும்.

மாற்றுவதானால் எல்லா பெல்ட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதோடு புதியதைக் கலந்தால் பாரம் முழுவதும் புதியதன் மேல் விழும். கடைக்குப் போகும்போது பழைய பெல்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அதன் முதுகில் எழுத்தும் எண்ணும் அச்சடித்திருக்கும். 'பி' என்றால் பெல்ட்டின் அகல வகை, அதற்கடுத்த எண் உள்சுற்று நீளம், அங்குலத்தில்.

படி 4: மெயின் கிளட்ச்

பல மாடலில் இந்த லிவருக்கு ஆன், ஆஃப், பிரேக் என மூன்று நிலை உண்டு. லிவர் 'ஆன்' முனை வரைக்கும் போகிறதா என்று பாருங்கள். லிவரிலிருந்து வரும் கம்பியும், அது அசைக்கும் சிறிய நெம்புகோலான முள்ளும் சேரும் இடத்தில் காய்ந்த சேறு அடைத்துப் பாதியில் நின்றுவிடுவது உண்டு.

கிளட்ச் பிடித்த நிலையில் கம்பியில் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் விறைப்பாக இருந்தால் கிளட்ச் எப்போதும் பாதி விட்ட நிலையிலேயே இருக்கும். லாக் நட்டைத் தளர்த்தி, கம்பியின் நீளத்தைச் சிறிது மாற்றி, மறுபடி இறுக்குங்கள். ஒரே நேரத்தில் நிறையத் திருப்பாதீர்கள். அரைச் சுற்று திருப்பிப் பார்த்து, அப்புறம் இன்னொரு அரைச் சுற்று. இதற்கும் சரிவராமல், பாரம் ஏறும்போது எரிந்த வாடையும் வந்தால் கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. அது மெக்கானிக் வேலை.

படி 5: சைடு கிளட்ச்

கோடையில் நின்ற வண்டிகளில் நான் அதிகம் பார்ப்பது இதுதான். ஹேண்டிலில் இருக்கும் சைடு கிளட்ச் லிவரைப் பிடித்தால் அந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு இழுவை அறும், விட்டால் சேரும். போன வருடத் தொளி உழவின் சேற்றுத் தண்ணீர் கேபிளுக்குள் இறங்கி, வெயிலில் காய்ந்து துருப்பிடித்தால், லிவரை விட்டாலும் கேபிள் திரும்பாது. இழுவை அறுந்த நிலையிலேயே நின்றுவிடும். கேபிளை யாராவது அதிகமாக இறுக்கி வைத்திருந்தாலும் இதே கதைதான். லிவரைத் தொட்டால் முதல் சில மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும்.

சோதிப்பது சுலபம். கியர் பாக்ஸ் பக்கம் உள்ள முனையில் கேபிளைக் கழற்றுங்கள். கேபிள் இழுக்கும் சிறிய நெம்புகோலான முள் 'டக்'கென்று பழைய இடத்துக்குத் திரும்பும். சக்கரத்தைச் சற்று முன்னும் பின்னும் ஆட்டினால் உள்ளே பற்கள் சேர்ந்துகொள்ளும். இப்போது கியரில் சக்கரம் இறுகி நின்றால் குற்றவாளி கேபிள்தான். மேல் முனையில் ஒரு பாலித்தீன் துண்டைக் கூம்பாகச் சுற்றிக் கட்டி, மெல்லிய ஆயிலை ஊற்றி இரவு முழுக்க இறங்கவிடுங்கள். அப்போதும் இழுத்து விடும்போது சொரசொரவென்று வந்தால் புது கேபிளே போட்டுவிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். கேபிளைக் கழற்றியும் முள் திரும்பாவிட்டால் உள்ளே ஸ்பிரிங்கோ பற்களோ கெட்டிருக்கிறது.

படி 6: ஹப்பும் போல்ட்டும்

ஆக்சிலின் முனையிலிருந்து ஹப் வரை சாக்பீஸால் ஒரே கோடு இழுங்கள். சக்கரத்தைப் பிடித்துச் சுற்றுங்கள். ஹப்பில் உள்ள கோடு நகர்ந்து, ஆக்சிலில் உள்ள கோடு அங்கேயே நின்றால் நடுவில் உள்ள போல்ட்டோ பின்னோ அறுந்திருக்கிறது. ரப்பர் சக்கரத்தை எடுத்துச் சேற்று உழவுக்கான இரும்புக் கேஜ் வீல் மாட்டும்போது சரியாக இறுக்காமல் விட்டால் இப்படி ஆகும். அதே அளவு, அதே தர போல்ட்டைத்தான் போட வேண்டும். அவசரத்துக்குக் கம்பியையோ ஆணியையோ செருகினால் அது ஆக்சில் துளையையே அகலமாக்கிவிடும், அப்புறம் ஆக்சிலையே மாற்ற வேண்டி வரும்.

உட்கார்ந்து ஓட்டும் மினி டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் இரண்டு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் உண்டு. ஒரு பக்கத்துப் போல்ட்டோ, ஆக்சிலையும் ஹப்பையும் பூட்டும் சாவித் துண்டோ அறுந்தாலே இழுவை முழுவதும் அந்தத் தளர்ந்த பக்கத்துக்கு ஓடிவிடும், நல்ல சக்கரமும் நின்றுவிடும். இரண்டும் போய்விட்டது என்று பயப்படாமல் இதே சாக்பீஸ் சோதனையை இரு பக்கமும் செய்யுங்கள்.

படி 7: கியர் லிவர், ஆயில்

லிவரின் அடியில் உள்ள பின் அல்லது புஷ் தேய்ந்திருந்தால் லிவர் நகரும், உள்ளே கியர் விழாது. இன்ஜின் ஓடாதபோது ஒவ்வொரு கியராகப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரு கியர் மட்டும் விழவில்லையா, எல்லாமா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கியர் ஆயில் அளவைப் பாருங்கள். மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, ஆயில் சீல் கெட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். வடித்த ஆயிலில் உலோகத் துகள் மின்னினால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

இந்த இடம் வரை வந்தும் பிடிபடவில்லை என்றால் இப்போது தாராளமாக மெக்கானிக்கைக் கூப்பிடலாம். "வண்டி நகர மாட்டேங்குது அண்ணே" என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கியரில், எந்தப் பக்கச் சக்கரம், ரோட்டவேட்டர் சுற்றுகிறதா, கேபிளைக் கழற்றியும் மாற்றம் இல்லையா என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். எந்தச் சாமானை எடுத்து வர வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

புது பெல்ட் போட்டிருந்தால் முதல் நாள் கடினமான சரளை நிலத்தில் இறக்க வேண்டாம். ஓரிரு மணி நேரம் லேசான வேலையில் ஓட்டி, இன்ஜினை நிறுத்திவிட்டு, இறுக்கத்தை மறுபடி அழுத்திப் பாருங்கள். புது பெல்ட் கட்டாயம் கொஞ்சம் நீளும். அந்த அளவுக்கு ஒருமுறை இறுக்கிவிட்டு வயலில் இறக்கலாம்.