லாக் புக்கில் மீள்சிந்தனைக் குறிப்பை எழுதும் முறை

எம்.பி.பி.எஸ். படிப்பில் 2019-இல் திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது முதல், நடத்தை, அறநெறி, நோயாளியுடன் பேசும் முறை ஆகியவற்றைக் கற்பிக்கும் 'ஏட்காம்' வகுப்புகளையொட்டி, மாணவர்கள் லாக் புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) தம் அனுபவத்தைத் திரும்பிப் பார்க்கும் மீள்சிந்தனைக் குறிப்பு எழுத வேண்டியிருக்கிறது. கையெழுத்து வாங்க வேண்டிய நாளுக்கு முந்தைய இரவில் அதை நிரப்பினால், "நோயாளியிடம் பரிவுடன் பேசக் கற்றுக்கொண்டேன்" என்ற பொதுவான வரிதான் கிடைக்கும்.

ஆகவே சம்பவம் நடந்த அன்றே இரண்டு வரி குறித்து வையுங்கள். பெரிய சம்பவம் தேவையில்லை. மனத்தை உறுத்திய ஒரு சிறு கணம் போதும். பிறகு மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்: என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, அடுத்த முறை என்ன செய்வேன்?

இவற்றில் இரண்டாவதில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். புதிதாக இன்சுலின் தொடங்கும் ஓர் அம்மாவுக்கு ஊசி போடும் முறையை மாணவர் விளக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அவர், வெளியே வந்ததும் செவிலியரிடம், "சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்கிறார். "நோயாளிக்குப் புரியவில்லை" என்று எழுதினால் பழி அவர்மேல் விழுவதோடு சிந்தனையும் நின்றுவிடும். மாறாக, "'புரிந்ததா?' என்று மட்டும் கேட்டேன், இல்லை என்று சொல்ல அவர் தயங்கியிருக்கலாம், வரிசை நீண்டிருந்ததால் அந்தத் தலையாட்டலே எனக்கும் வசதியாக இருந்தது" என்று எழுதினால், மாற்ற வேண்டியது எது என்பது தெரிந்துவிடும். "இனி விளக்கி முடித்ததும், வீட்டில் எப்படிப் போடுவீர்கள் என்று அவரையே சொல்லச் சொல்வேன்" என்பது செய்து பார்க்கக்கூடிய தீர்மானம். "இன்னும் கவனமாக இருப்பேன்" என்பது அப்படியல்ல.

செயலின் நடுவே எழும் சிந்தனையையும் செயல் முடிந்தபின் வரும் சிந்தனையையும் அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983-இல் பிரித்துக் காட்டினார். லாக் புக் கேட்பது பின்னதையே என்றாலும், நெரிசலான வார்டில் பேச்சின் நடுவே சற்று நின்று யோசிக்கும் பழக்கத்துக்கும் அதுவே பயிற்சி.

நோயாளியின் பெயர், ஊர், படுக்கை எண் எதையும் எழுதாதீர்கள். கேஸ் ஷீட்டில் (நோயாளியின் சிகிச்சைப் பதிவில்) இருக்க வேண்டிய விவரங்களுக்கும் இங்கே இடமில்லை.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உணர்ச்சிக்கு மதிப்பெண் போட்டால் மாணவர்கள் உணர்ச்சியைப் புனைந்து தருவார்கள், அதில் அவர்களைக் குறைசொல்ல முடியாது. கையெழுத்துடன் ஓரத்தில் ஒரு கேள்வியையும் எழுதித் திருப்பிக் கொடுங்கள். மாணவரின் அடுத்த குறிப்பு அந்தக் கேள்விக்கான பதிலிலிருந்து தொடங்கட்டும்.