நடுங்கும் கையும் தப்பாத குறியும்: கைத்துப்பாக்கிச் சுடுதலைப் பொழுதுபோக்காகப் பழகுவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் நம்மவர் வீடுகள் சிலவற்றில் கைத்துப்பாக்கி ஒன்று இரும்புப் பெட்டகத்துக்குள் கிடக்கிறது. கடையையும் குடும்பத்தையும் காக்க வாங்கிய அது, உரிமம் கிடைத்த புதிதில் சுட்டுப் பார்த்ததோடு மறக்கப்பட்டிருக்கும். அதையே விளையாட்டாக எடுத்துக்கொண்டு முறையாகப் பழகுவோர் குறைவு. பழகத் தொடங்குவோரும் பெரும்பாலும் தவறான இடத்தில் பாடுபடுகிறார்கள். கையை அசையாமல் நிறுத்துவதே குறிபார்க்கும் கலை என்று எண்ணி, மூச்சை அடக்கி, தோளை இறுக்கி, களைத்துப்போகிறார்கள். உயிருள்ள கை அசையத்தான் செய்யும். குறி தப்புவது பெரும்பாலும் விரலில்தான்.

முதலில் சட்டம். 2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பொதுவாக 21 வயது நிறைந்தவரே உரிமம் பெற முடியும். அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரிடம் சட்ட அறிவிலும் கையாளுதலிலும் தேர்ச்சி பெற்று, காவல் நிலையத்தின் துப்பாக்கி அலுவலர் வழியாகத் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது கிடைத்த பின்னர் குறிப்பிட்ட ஒரு துப்பாக்கிக்குத் தனியாக உரிமம் கேட்க வேண்டும். உரிமம் வரும்வரை துப்பாக்கி விற்பனையாளரிடமே இருக்கும். தற்காப்புக்கான 13ஆம் பிரிவு உரிமம் ஐந்தாண்டுகளுக்கும், விளையாட்டுக்கான 15ஆம் பிரிவு உரிமம் பத்தாண்டுகளுக்கும் செல்லும். காலாவதியாவதற்கு 90 நாள் முன்னதாகவே புதுப்பிக்க விண்ணப்பித்துவிட வேண்டும். இந்தக் காத்திருப்பு சலிப்பூட்டக்கூடியது. அதை வீணாக்காமல் 4.5 மில்லிமீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கிப் பழகலாம்; சட்டம் அதைத் துப்பாக்கியாகக் கருதுவதில்லை, ஆகவே உரிமம் வேண்டியதில்லை. ஆனால் அதையும் ஒருவரை நோக்கி நீட்டுவது குற்றமே.

காற்றுத் துப்பாக்கியைக் குழந்தை விளையாட்டு என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒலிம்பிக் போட்டியில் 10 மீட்டர் தூரத்தில், ஒரே கையால் பிடித்துச் சுடும் அந்த ஆட்டத்தில், பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர் மட்டுமே. உதைப்பும் பேரொலியும் இல்லாததால், விரல் செய்யும் தவறு அட்டையில் ஒளிவுமறைவின்றித் தெரிந்துவிடும்.

பாதுகாப்பு விதிகள் நான்கு: எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே கருதுதல், அழிக்க விரும்பாத எதன் மீதும் குழல்வாயைத் திருப்பாமை, துப்பாக்கியின் மேலுள்ள குறிகள் இலக்கில் படியும்வரை விரலை விசைக்கு (சுடுவதற்கு இழுக்கும் கொக்கிக்கு) வெளியே நீட்டி வைத்தல், இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் அறிந்திருத்தல். இவற்றுள் மூன்றாவதே பழக்கமாக ஊன்றுவதற்கு நெடுநாள் பிடிக்கும். துப்பாக்கியை எடுக்கும்போதெல்லாம் விரல் தானாகவே விசைக்காப்பு வளையத்துக்கு வெளியே நிற்கும்வரை வேகத்தைப் பற்றி நினைக்கவே கூடாது.

இனி குறி பார்ப்பதன் கணக்கு. குழல்முனை அருகே நிற்கும் முன்குறிக்கும், கண்ணுக்கு அருகே பள்ளத்தோடு அமைந்த பின்குறிக்கும் இடையே 160 மில்லிமீட்டர் உள்ள ஒரு பிஸ்டலை எடுத்துக்கொள்வோம். பின்குறியின் பள்ளத்துக்குள் முன்குறி ஒரே ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினாலும், 10 மீட்டரில் தோட்டா சுமார் 62 மில்லிமீட்டரும், 25 மீட்டரில் சுமார் 156 மில்லிமீட்டரும் விலகிவிடும். மாறாக, இரண்டு குறிகளும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தியிருக்க, கை முழுவதும் 10 மில்லிமீட்டர் பக்கவாட்டில் மிதந்தால், எந்தத் தூரத்திலும் தோட்டா அதே 10 மில்லிமீட்டர்தான் விலகும். அதாவது கோணப் பிழை தூரத்தோடு பெருகுகிறது. இணையான அசைவு பெருகுவதில்லை. ஆகவே இலக்கின் மேல் துப்பாக்கி மெதுவாக மிதப்பதை அனுமதித்துவிட்டு, முன்குறியின் மேல்விளிம்பு பின்குறியின் மேல்விளிம்போடு சமமாகவும், இருபுறமும் ஒளிக்கீற்று ஒரே அளவாகவும் இருக்கிறதா என்பதில் கண்ணை நிறுத்துவதே அறிவுடைமை. கண் ஒரே நேரத்தில் மூன்று தூரங்களைத் தெளிவாகக் காணாது. தெளிவு முன்குறிக்கு, மங்கல் இலக்குக்கு. நாற்பதைக் கடந்தவர்களுக்கு முன்குறியே மங்கத் தொடங்கும். கண்ணாடிக் கடையில் கை நீட்டும் தூரத்துக்கு ஏற்ற வில்லை ஒன்றைக் கேட்டு வாங்குவது, விலையுயர்ந்த புதுப் பிஸ்டல் வாங்குவதைவிடப் பயன் தரும்.

குறிகளைப் பொருத்துவது எளிது; அந்தப் பொருத்தம் கெடாமல் விசையை இழுப்பதுதான் கடினம். விரலின் முதல் கணுவின் நடுப்பகுதி விசையில் பட, மற்ற விரல்களின் அழுத்தம் மாறாமல், அந்த ஒரு விரல் மட்டும் நேர் பின்னோக்கி நகர வேண்டும். குறி பொருந்திய அந்த நொடியில் 'இப்போது' என்று வெடுக்கென இழுப்பவரின் தோட்டா, அவர் வலக்கைக்காரராக இருந்தால், பெரும்பாலும் இடப்புறம் கீழே போய்விழும். தீபாவளி வெடியின் திரியில் தீ வைக்கும் சிறுவன் வெடிப்பதற்கு முன்னரே முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் போல, நமது மணிக்கட்டும் உதைப்பை எதிர்பார்த்து, தோட்டா புறப்படும் முன்பே முந்திக்கொண்டு கீழே அழுத்திவிடுகிறது. இதற்காகப் பின்குறியைத் திருகி நகர்த்துவோரைச் சுடுதளங்களில் காணலாம். அது நோயை விட்டுவிட்டு வெப்பமானியைச் சரிசெய்யும் வேலை.

இந்த முந்துதலைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. நண்பர் ஒருவரிடம் தோட்டாக்களை அடுக்கும் பெட்டியான மேகசினைக் கொடுத்து, உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே போலித் தோட்டா ஒன்றிரண்டை உங்களுக்குத் தெரியாமல் கலந்து நிரப்பச் சொல்லுங்கள். போலித் தோட்டா வரும்போது வெடிப்பு இருக்காது; ஆனால் குழல்வாய் தலை குனிந்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். குழல்வாய் அசையாமல் நிற்கும்வரை இந்தச் சோதனையைத் தொடர்வதே மருந்து. இங்கே ஓர் எச்சரிக்கை: நிரப்பியது போலித் தோட்டா என்று தெரியாத நிலையில் வெடிப்பு இல்லையென்றால், குழல்வாயை இலக்குத் திசையிலேயே 30 நொடி வைத்திருந்து, அதன் பின்னரே குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையைத் திறக்க வேண்டும்.

நிற்பதிலும் பிடிப்பதிலும் அவ்வளவு மர்மம் இல்லை. கால்கள் தோளகலத்தில், உடல் சற்றே முன்சாய்ந்து இருக்கட்டும். சுடும் கை பிடியின் மேல்நுனி வரை ஏறிப் பற்ற, மறுகை எஞ்சிய இடத்தை நிரப்பிச் சற்று அதிக இறுக்கத்தோடு அணைக்க வேண்டும். இரு பெருவிரல்களும் ஸ்லைடின் (சுடும்போது பின்னோக்கிப் பாயும் மேற்பகுதியின்) பின்னால் குறுக்கிடாமல் முன்னோக்கி நீண்டிருக்கட்டும். குறுக்கே கிடந்த பெருவிரலை ஸ்லைடு கிழித்துவிடும். டர்பன் கோடையில் உள்ளங்கை வியர்ப்பதால், துவாலை ஒன்றை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

முன்னேற்றத்தின் பெரும்பகுதி வீட்டிலேயே, தோட்டா இல்லாமல் நிகழ்கிறது. தோட்டாக்கள் அனைத்தையும் வேறு அறையில் பூட்டிவிட்டு, மேகசினைக் கழற்றி, துப்பாக்கியின் தோட்டா அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதித்து, தோட்டா துளைக்க முடியாத சுவர் ஒன்றின் மேல் சிறு புள்ளி ஒட்டி, விசை விழும் வேளையில் முன்குறி துள்ளுகிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் கவனம் கலையும். முடிந்ததும் துப்பாக்கியைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். 'இன்னும் ஒரு முறை' என்று திரும்ப எடுப்பதில்தான் விபத்துகள் ஒளிந்திருக்கின்றன. .22 ரகத் துப்பாக்கியைப் போலித் தோட்டா இல்லாமல் இவ்வாறு பழகக் கூடாது, ஏனெனில் தோட்டாவை வெடிக்கச் செய்யும் அதன் ஊசி தோட்டா அறையின் விளிம்பில் மோதிச் சேதப்படுத்தலாம்.

சுடுதளத்துக்குப் போகும்போது 50 தோட்டாக்களுக்கு மேல் தேவையில்லை. ஐந்து மீட்டரில் தொடங்கி, ஐந்து ஐந்தாகச் சுட்டு, அவை நெருங்கி விழுகின்றனவா என்பதை மட்டும் பாருங்கள். நடுவில் விழுகின்றனவா என்பது பின்னர் பார்த்துக்கொள்ள வேண்டியது. ஒவ்வொரு தோட்டாவும் எங்கே போயிருக்கும் என்று அட்டையைப் பார்க்கும் முன்னரே சொல்லிப் பாருங்கள். சொன்ன இடமும் விழுந்த இடமும் ஒத்துப்போகத் தொடங்கினால், கண் முன்குறியில்தான் இருக்கிறது என்று பொருள்.

9 மில்லிமீட்டர் பிஸ்டலின் வெடிப்பொலி 150 டெசிபெலைத் தாண்டும். மூடிய சுடுதளத்தில் காதடைப்பானும் அதன் மேல் காதுமூடியும் சேர்த்தே அணிய வேண்டும். கண்ணாடியும் கட்டாயம். தோட்டாக்களிலிருந்து வெளிப்படும் ஈயத்தூள் கையிலும் உடையிலும் ஒட்டுமாதலால், அங்கே எதையும் உண்ணாமல், குளிர்ந்த நீரால் சோப்பிட்டுக் கை கழுவிய பின்னரே புறப்பட வேண்டும். அந்த உடையோடு வீட்டுக் குழந்தைகளைத் தூக்கவும் கூடாது. கடலோரத்தில் வாழ்வோருக்கு உப்புக்காற்று இன்னொரு தொல்லை: மெரிபேங்க் போன்ற இடங்களில் எண்ணெய் பூசாத எஃகில் துரு மிக விரைவில் ஏறும், தோல் உறைக்குள் வைத்தே பெட்டகத்தில் பூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

சில மாதம் பழகிய பின்னர் போட்டிக்குப் போங்கள். 1976இல் உருவான ஐ.பி.எஸ்.சி. (சர்வதேசச் செயல்முறைச் சுடுதல் கூட்டமைப்பு) விதிகளின்படி நடக்கும் செயல்முறைச் சுடுபோட்டிகள் நம் நாட்டிலும் நடக்கின்றன. பெற்ற புள்ளிகளை எடுத்த நொடிகளால் வகுப்பதே அங்கே மதிப்பெண். 9 மில்லிமீட்டர் துப்பாக்கிக்கு இலக்கின் நடுப்பகுதி ஐந்து புள்ளியும், அடுத்த பகுதி மூன்றும், ஓரம் ஒன்றும் தரும்; தவறவிட்ட தோட்டா ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி கழியும். பன்னிரண்டு தோட்டாவும் நடுவில் பட 20 நொடி எடுத்தவருக்கு 60ஐ 20ஆல் வகுத்து 3 கிடைக்கும். 16 நொடியில் முடித்து 44 புள்ளி பெற்றவருக்கு 2.75தான். முதல் போட்டியில் வேகத்தை நாடாமல், குழல்வாயை எப்போதும் இலக்குத் திசையிலேயே வைத்து, ஓடும்போதும் மேகசின் மாற்றும்போதும் விரலை வெளியே நீட்டி வைத்து, நடுவர் சொல்வதை அப்படியே செய்யுங்கள். குழல்வாய் எல்லை தாண்டித் திரும்பினால், எவ்வளவு நன்றாகச் சுட்டிருந்தாலும் அன்றைய போட்டியிலிருந்து முழுமையாக நீக்கிவிடுவார்கள்.