வேனை விற்றுத் திரை வாங்காதீர்கள்: தோட்டப்புறச் சபை ஊழியத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் பக்கத்துப் பட்டணத்துச் சபையில் புதிதாகப் பொறுப்பேற்ற இளம் ஊழியர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். அவர் கையில் ஒரு விலைப்பட்டியல் இருந்தது. பீடத்துக்குப் பின்னால் மாட்டும் எல்.இ.டி. திரை, நான்கு ஒலிபெருக்கிகள், டிரம்ஸ், அதைச் சுற்றி வைக்கும் கண்ணாடித் தடுப்பு என்று எல்லாவற்றுக்கும் அதில் விலை போட்டிருந்தது. "சபை பழசாகிப் போச்சுன்னு பிள்ளைங்க சொல்றாங்க பாஸ்டர். இதைச் செஞ்சா திரும்பி வந்துடுவாங்க" என்றார். பணத்துக்கு என்ன வழி என்று கேட்டேன். சபை வேனை விற்கப் போவதாகச் சொன்னார். அவர் போன பிறகு அன்று முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. 2015-இல் ஏறக்குறைய அதே பட்டியலை, அதே வார்த்தைகளைச் சொல்லி, எங்கள் சபைக் குழுவின் முன் வைத்தவன் நான்.

மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில், குளுவாங் வட்டாரத்தில், செம்பனையும் மிச்சமிருக்கும் ரப்பர் மரங்களும் சூழ்ந்த ஒரு சிறு பட்டணத்தில் 22 ஆண்டுகளாக ஊழியம் செய்து வருகிறேன். பிரசங்கம் நீளக் கூடாது, காணிக்கைக் கணக்கு வெளிப்படையாக இருக்க வேண்டும், ஆராதனையைக் குறித்த நேரத்தில் தொடங்க வேண்டும் என்பவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவற்றில் தவறினால் சபையாரே முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள். யாரும் எடுத்துச் சொல்லாததால் பல ஆண்டுகள் நீடித்துவிடுகிற தவறுகளைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன்.

உவமைகளை நம் மண்ணுக்குக் கொண்டுவராமல் இருப்பது

ஊழியத்தின் தொடக்க ஆண்டுகளில், ஒலிநாடாவில் கேட்ட பிரசங்கங்களின் உதாரணங்களையே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். பனி மூடிய மலையில் வழி தவறியவன், பெரிய நிறுவனத்தின் முதலாளி, புயலில் சிக்கிய கப்பல் என்று அவை போகும். காலை ஐந்து மணிக்கு எழுந்து, தோட்டத்தில் ஆள் பார்த்து வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போய்ப் பழகிய மக்கள் அவற்றை மரியாதையோடு கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

மத்தேயு 20-ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டத்து வேலையாட்களின் உவமையைப் பல ஆண்டுகளாக, கடைசி நேரத்தில் மனந்திரும்புகிறவர்களைக் குறித்த உவமையாக மட்டுமே நான் சொல்லி வந்தேன். ஒருநாள் ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கையில், தோட்டத்தில் ஆள்களை மேற்பார்த்து ஓய்வு பெற்ற தண்டல் ஒருவர் என் அருகில் வந்து உட்கார்ந்தார். "பிரட்டுல கடைசி வரைக்கும் நிக்கிறவன் சோம்பேறி இல்லை பாஸ்டர். அவன் ஒல்லியா இருப்பான், வயசாகியிருக்கும், இல்லேன்னா தண்டலுக்குப் பிடிக்காதவனா இருப்பான். நானே அப்படிச் சிலபேரை நிறுத்தி வெச்சிருக்கேன். அன்னிக்கு அவன் வீட்டுல உலை வைக்க மாட்டாங்க" என்றார். வேதாகமத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். பதினோராம் மணி வேளையில் நின்றவர்கள் சொல்லும் பதிலும் தங்களை ஒருவரும் வேலைக்கு எடுக்கவில்லை என்பதுதான். எஜமான் அவர்களுக்கு முழு நாள் கூலி கொடுத்தபோது ஒரு வீட்டில் அன்றிரவு அடுப்பு எரிந்தது என்பதை அந்தத் தண்டலிடமிருந்தே கற்றுக்கொண்டேன்.

அதன்பின், பிரசங்கம் தயாரிக்கும் முன்பு, வேதப்பகுதியில் வரும் வேலையைக் கைப்படச் செய்த ஒருவரிடம் அந்தப் பகுதியைப் படித்துக் காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். போவாசின் வயலில் ரூத் கதிர் பொறுக்குவதை, செம்பனைக் குலை வெட்டுகிறவருக்குப் பின்னால் சாக்கோடு நடந்து உதிரிப் பழம் பொறுக்கிய ஒரு பெண்மணியிடம் படித்துக் காட்டினேன். வெயில், முள், முதுகுவலி, வெட்டுகிறவர் மனம் வைத்துச் சிந்தவிட்டுப் போவது என்று அரைமணி நேரம் பேசினார். நான் எழுதி வைத்திருந்த குறிப்பைக் கிழித்துவிட்டு, அவர் சொன்னதையே அந்த வாரம் பேசினேன்.

சபையார் வராததன் காரணத்தை நாமே ஊகித்து, அந்த ஊகத்துக்குப் பணம் செலவழிப்பது

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். பதினோர் ஆண்டுகள் ஆகியும் இதை நினைத்தால் என் மனம் ஆறவில்லை.

2014 ஜனவரி 1 முதல் ஜோகூரில் வார விடுமுறை வெள்ளி, சனிக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமை அரசாங்க அலுவலகங்களும் பள்ளிகளும் இயங்கத் தொடங்கின. பிள்ளைகள் ஞாயிறு காலையில் பள்ளிச் சீருடையில் இருந்ததால், நாங்கள் ஆராதனையை வெள்ளிக்கிழமை காலைக்கு மாற்றினோம். ஞாயிறு பள்ளியும் வெள்ளிக்கிழமையே நடந்தது. அதுவரை நாங்கள் செய்தது சரிதான்.

ஓராண்டுக்குள் இருபதிலிருந்து முப்பது வயது வரையுள்ள பிள்ளைகளில் பாதிப்பேர் காணாமல் போனார்கள். குழுக் கூட்டத்தில் நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னோம். பாட்டுகள் பழையவை என்றார் ஒருவர். நகரத்துச் சபைகளைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு நம்மை ஒப்பிடுகிறார்கள் என்றார் இன்னொருவர். சபைக்குப் புதுமை தேவை என்று நான் சொன்னேன், பட்டியலையும் நானே கொண்டுவந்தேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவரையாவது அழைத்து, 'ஏன் தம்பி வரவில்லை?' என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும். அவர்களில் பெரும்பாலோர் தனியார் தொழிற்சாலைகளிலும் சிங்கப்பூரிலும் வேலை செய்தார்கள். அந்த வேலையிடங்களில் ஞாயிறுதான் ஓய்வு நாள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நாங்கள் பாடத் தொடங்கும்போது அவர்கள் இயந்திரத்தின் முன் நின்றுகொண்டிருந்தார்கள். எந்தத் திரையை மாட்டினாலும் அவர்களால் வந்திருக்க முடியாது.

வேனை 16,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்றோம். பற்றாக்குறையைக் கட்டட நிதியிலிருந்து எடுத்தோம். அது பதினான்கு பேர் உட்காரும் பழைய வேன். தோட்டத்து லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் சம்பளம் வாங்காமல் அதை ஓட்டினார். நான்கு தோட்டங்களுக்குள் போய், லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளின் முன்னால் நிறுத்தி, வயதானவர்களைக் கைகொடுத்து ஏற்றிக்கொண்டு வருவார். விற்கும் தீர்மானத்தின்போது குழுவில் இருந்த ஒரே அம்மையார், "தோட்டத்து ஆளுங்க எப்படி வருவாங்க?" என்று கேட்டார். கார் வைத்திருப்பவர்கள் ஏற்றிவருவார்கள் என்று நான் பதில் சொன்னேன். யார், எந்த வாரம், எந்தத் தோட்டத்துக்குப் போவது என்று ஒரு தாளில்கூட எழுதவில்லை. முதல் வாரம் மூன்று கார்கள் போயின, அடுத்த வாரம் ஒன்று போனது. நான்காம் வாரத்திலிருந்து ஒன்றும் போகவில்லை.

திரையின் முதல் நாளன்று சில பிள்ளைகள் விடுப்பெடுத்து வந்தார்கள். அடுத்த வாரம் பழைய எண்ணிக்கையே இருந்தது. அதைக்கூட நான் உடனே உணரவில்லை. வெளிச்சமும் சத்தமும் இருந்ததால் சபை நிறைந்திருப்பதாகவே எனக்குத் தோன்றியது. இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் இடி விழுந்து திரையில் மூன்றில் ஒரு பங்கு அணைந்துபோனது, பழுதுபார்க்க ஜோகூர் பாருவிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

வேன் நின்று எட்டு மாதம் ஆன பிறகு, ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வந்த ஓர் இளைஞனோடு அவன் பாட்டியைப் பார்க்கப் போனேன். பட்டணத்திலிருந்து 11 கிலோமீட்டர் தூரம், கடைசி மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதை. அந்த லயத்தில் எஞ்சியிருந்த தமிழ்க் குடும்பங்கள் நான்கு. மற்ற வீடுகளில் வங்காளதேசத்துத் தொழிலாளர்கள் குடியிருந்தார்கள். பாட்டி எனக்குத் தேநீர் கலந்து கொடுத்துவிட்டு உள்ளே போய் ஒரு மைலோ டின்னை எடுத்துவந்தார். அதற்குள் சபையின் காணிக்கை உறைகள் ரப்பர் பட்டையில் கட்டப்பட்டிருந்தன, மொத்தம் 33. ஒவ்வொன்றின் மேலும் பேரன் கையெழுத்தில் ஒரு வெள்ளிக்கிழமையின் தேதி, உள்ளே இரண்டு வெள்ளி. "கொண்டாந்து சேர்க்க ஆள் கிடைக்கல ஐயா. நீங்களே எடுத்துட்டுப் போங்க. சபையில எல்லாரும் சொகமா?" என்று கேட்டார். என்னிடம் ஒரு குறையும் சொல்லவில்லை.

அன்றிரவு பழைய வேன் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அதில் 19 பெயர்கள் இருந்தன. ஒருவர்கூட ஆராதனைக்கு வந்துகொண்டிருக்கவில்லை. அவர்களில் இருவர் இறந்திருந்தார்கள். அதில் ஒருவருடைய அடக்கம் நாங்கள் அறியாமலே நடந்து முடிந்திருந்தது. நாற்பது ஆண்டுகள் எங்களோடு ஆராதித்தவரின் குழியருகே எங்களில் ஒருவரும் நிற்கவில்லை. அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டேன், அவர்களும் மன்னித்தார்கள். ஆனால் அந்த நாளைத் திரும்பக் கொண்டுவர என்னால் முடியாது.

2017-இல்தான் ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்கு இரண்டாவது ஆராதனையைத் தொடங்கினோம். ஒரு கிட்டார், நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தேநீர்க் குடுவை, வேறொன்றும் இல்லை. தொழிற்சாலைப் பிள்ளைகளும், அன்றிரவே சிங்கப்பூருக்குத் திரும்ப வேண்டியவர்களும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்தார்கள். மறு ஆண்டு கடன் வாங்கி இன்னொரு பழைய வேன் வாங்கினோம். விற்ற வேனைவிட அது மோசமான வேன்.

2025 ஜனவரி 1 முதல் ஜோகூரின் வார விடுமுறை மீண்டும் சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எண்ணி, ஞாயிறு காலை ஒன்பது மணி ஆராதனை ஒன்று போதும் என்று மற்றவற்றை நிறுத்திவிட்ட சபைகள் உண்டு. இதுவும் அதே தவறுதான். பன்னிரண்டு மணி நேரக் காவல் வேலை செய்கிறவர், இரவுப் பணியிலிருந்து வரும் தாதி, ஞாயிறும் கடை திறக்கும் பேரங்காடி ஊழியர் ஆகியோருடைய வாரம் பள்ளி நாள்காட்டியைப் பார்த்து நகர்வதில்லை. பெரிய வெள்ளைத் தாள் ஒன்றை விரித்து, பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் ஏழு நாள்களையும் அவர்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுகிறார்கள், எப்போது பசியாறுகிறார்கள், எப்போது எல்லாரும் ஒன்றாக வீட்டில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். எங்கள் சபையில் நடுவாரக் குடும்ப ஜெபம் புதன் இரவிலிருந்து சனி பிற்பகலுக்கு மாறியது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான்.

கீர்த்தனைகளை மூட்டை கட்டுவது

வேண்டாம். தபேலாவும் கைத்தாளமும் சேர்த்துப் பாடிப் பாருங்கள், பிள்ளைகளும் பாடுவார்கள்.

ஜெபித்துவிட்டு மட்டும் திரும்பிவருவது

ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை என்றால், அதற்காகத் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு வந்த நாள்கள் எனக்கும் உண்டு. ஜெபம் அவசியம், ஜெபித்தே தொடங்குங்கள். அதன்பின் அந்தத் தாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு தேசியப் பதிவிலாகாவுக்குப் போங்கள். தீபகற்ப மலேசியாவில் பிறப்பை 60 நாள்களுக்குள் பதிய வேண்டும். அதைத் தவறவிட்டால் தாமதப் பதிவுக்கு எத்தனை முறை அலைய வேண்டியிருக்கிறது என்பதை அந்த வரிசையில் நின்றவர்களே அறிவார்கள்.

இதில் சபைகளின் சொந்தத் தவறு ஒன்று உண்டு. திருமணத்தை ஆலயத்தில் நடத்திவைத்துவிட்டு, பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதைச் சொல்கிறேன். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும் என்பது, 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1-இல் நடப்புக்கு வந்தது முதல் உள்ள விதி. தாய் குடியுரிமை இல்லாதவராக இருந்து, பெற்றோரின் திருமணமும் பதிவாகாமல் இருக்கும்போது பிள்ளை பிறந்தால், தந்தை மலேசியராக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை கிடைப்பதில்லை. பன்னிரண்டு வயதில் மற்றப் பிள்ளைகள் மைகார்டு என்னும் அடையாள அட்டை எடுக்கப் போகும்போது அந்தப் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கும். நாம் நடத்திவைத்த திருமணத்துக்கு ஒரு தாள் குறைந்ததால் வரும் வேதனை அது. பதிவுச் சான்றிதழை என் கண்ணால் பார்க்காமல் இப்போதெல்லாம் நான் திருமண நாளைக் குறிப்பதில்லை.

உதவிப் பொருள் கொடுக்கும்போது படம் எடுப்பது

எடுக்காதீர்கள். அரிசிப் பை வாங்குகிறவரின் மகள் உங்கள் ஞாயிறு பள்ளியில் உட்கார்ந்திருக்கிறாள்.

தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளையை வாசிக்கச் சொல்வது

தேசியப் பள்ளியிலும் சீனப்பள்ளியிலும் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், எழுத்துக் கூட்டத் தெரியாது. அவர்களைத் திடீரென எழுப்பி வேதபாடம் வாசிக்கச் சொன்னால், அடுத்த வாரம் அவர்களுக்கு வயிற்றுவலி வந்துவிடும். பாடல்களை உரோமன் எழுத்திலும் அச்சிட்டுக் கொடுங்கள். அத்துடன் நின்றுவிடாமல், ஆராதனைக்கு முந்தைய அரைமணி நேரத்தில் அவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரை ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் சபையில் அப்படிப் படித்த ஒரு சிறுவன் 23-ஆம் சங்கீதத்தைச் சபை நடுவே நின்று வாசித்தபோது, முதல் வரிசையில் இருந்த அவன் தாத்தா தானும் எழுந்து நின்றார்.

அந்த இளம் ஊழியரிடம் பட்டியலில் கையெழுத்திடும் முன் இரண்டு ஞாயிறுகள் எங்கள் வேனில் வந்து பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர், நேற்றிரவு வாட்ஸ்அப்பில் வருவதாகத் தெரிவித்திருக்கிறார். வேன் காலை 6.40-க்குப் புறப்படும். முதலில் ஏறும் அம்மையாருக்கு முழங்கால் வலி இருப்பதால், படியில் வைக்கும் சிறு முக்காலியை எடுத்துப் போடும் வேலையை அந்த இளம் ஊழியருக்குக் கொடுத்திருக்கிறேன்.