உலக நேர வாட்ச்: விலையைப் பார்க்கும் முன் அரை மணி நேரத்தைப் பாருங்கள்

பிள்ளை அமெரிக்காவிலோ மருமகன் துபாயிலோ இல்லாத தெரு சேலத்தில் குறைவு. உலக நேரம் காட்டும் வாட்ச் ஒன்று வாங்கலாமா என்ற பேச்சு அதனால் அடிக்கடி வருகிறது. சில ஆயிரம் ரூபாய்க்கும் கிடைக்கும். பல லட்சத்துக்கும் கிடைக்கும்.

லட்சம் கொடுத்தால் எல்லா ஊர் நேரமும் சரியாகத் தெரியும் என்று நம்புவதுதான் பெரிய தவறு. 1931-இல் ஜெனீவாவின் லூயி கோட்டியே உருவாக்கிய முறையில்தான் விலை உயர்ந்த மெக்கானிக்கல் வாட்ச்கள் பலவும் இன்றும் ஓடுகின்றன. டயலைச் சுற்றி 24 ஊர்கள், ஊருக்கு ஊர் ஒரு மணி நேர இடைவெளி. நம் நேரமோ கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னே; கராச்சி ஐந்து, டாக்கா ஆறு. கராச்சிக்கும் டாக்காவுக்கும் நடுவே நாம் தொங்குகிறோம்! கராச்சியை மேலே வைத்து, முட்களைச் சேலத்தின் காலை 9:30-க்குத் திருப்பினால், லண்டன் 4:30 என்று காட்டும். டிசம்பரில் அங்கே உண்மையில் மணி 4:00. ஒவ்வொரு முறையும் மனசுக்குள் அரை மணியைக் கழிக்க வேண்டும். சுவிஸ் ஆடம்பர வாட்சான பட்டேக் ஃபிலிப் 5230-உம் இந்த 24 ஊர் வகைதான். இன்னொரு சுவிஸ் நிறுவனமான வாஷெரான் கான்ஸ்டன்டினின் ஓவர்சீஸ் வேர்ல்ட் டைம் 37 நேர மண்டலங்களைக் காட்டும், அதில் நம் அரை மணியும் உண்டு. விலையைக் கேட்டால் தலை சுற்றும், அது வேறு விஷயம்.

விலை குறைந்த டிஜிட்டல் வாட்சான கேசியோ ஏஇ-1200-இல் இந்தத் தொல்லை இல்லை. 31 நேர மண்டலங்கள், 48 ஊர்கள். ஆனால் அதிலும் ஒரு சறுக்கல் நடக்கும். வாட்சில் சொந்த ஊர் டோக்கியோ என்று இருக்கும்போதே, மணியை மட்டும் நம் நேரத்துக்கு மாற்றிவிடுவார்கள். டோக்கியோ நம்மைவிட மூன்றரை மணி முன்னே இருப்பதால், மற்ற ஊர்களெல்லாம் மூன்றரை மணி பின்தங்கிக் காட்டும். முதலில் ஊரை மாற்றுங்கள். சேலமோ சென்னையோ பட்டியலில் இருக்காது. டெல்லியைக் குறிக்கும் மூன்றெழுத்தை வையுங்கள். அப்புறம் மணியைச் சரிசெய்யலாம்.

சில நாடுகளில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் கோடை நேரத்தையும் மறந்துவிடுகிறார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை நியூயார்க் நமக்கு ஒன்பதரை மணி பின்னே, மற்ற மாதங்களில் பத்தரை. கேசியோவில் இதை நாமே ஆன் செய்ய வேண்டும். கோட்டியே வகை வாட்ச்களில் பெரும்பாலும் கணக்கு நம் தலையில்தான். துபாய்க்கு இந்தச் சிக்கல் இல்லை, ஆண்டு முழுக்க ஒன்றரை மணிதான்.

அழகுக்கும் வேலைப்பாட்டுக்கும் ஆசைப்பட்டு லட்சம் செலவழித்தால் சரி, அது உங்கள் ரசனை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் சர்வீஸ் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஏற்காட்டில் மழையில் நனைபவர் இன்னொன்றும் கவனிக்கலாம்: 5230-இன் நீர்த்தாங்குதிறன் 30 மீட்டர், அதாவது சாரலுக்குத் தாங்கும், அவ்வளவுதான். கேசியோவுக்கு 100 மீட்டர்.