கொம்பில்லா மானுக்கான சீட்டும் நான் திருத்திய திட்டமும்

அமெரிக்க மாநிலமான விஸ்கான்சினில் நன்றி நவிலும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும் 9 நாள் துப்பாக்கி மான்வேட்டைப் பருவத்துக்காக நான் முதன்முறை வாங்கிய கொம்பில்லா மான் சீட்டு, அதாவது கொம்பில்லாத மானைச் சுடுவதற்கான அனுமதி, தனியார் நிலத்துக்கு உரியது என்பதைப் புறப்படும் முன்னிரவில்தான் கவனித்தேன். அங்கே சீட்டில் மண்டலம், வேட்டைப் பிரிவு, நில வகை மூன்றும் குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே நான் போகவிருந்த பொதுக் காட்டில் அது செல்லாது. பிழை முழுக்க என்னுடையதே.

மறு ஆண்டு வரிசையை மாற்றி, முதலில் நிலத்தைத் தேர்ந்து, அதன் பிறகே சீட்டு வாங்கினேன். அக்டோபரில் நடந்து பார்த்தபோது வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றி எங்கும் பூட்ஸ் தடங்கள். ஒரு மைல் தள்ளிச் சதுப்பின் ஓரத்திலோ, கடித்துத் துப்பிய ஓக் கொட்டை ஓடுகளுக்கிடையே ஈரம் காயாத புழுக்கைகள் கிடந்தன. விடியலில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கும் என்பதால், மேட்டில் அமர்ந்தால் என் வாடை நேரே மான்களிடம் போய்விடும் என்று கருதி, தாழ்வான கிழக்கு ஓரத்தைத் தேர்ந்துகொண்டு, மேற்குக் காற்று வீசும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

முதலில் வந்த குட்டியின் நெற்றியில் கொம்பு முளைக்கும் இரு குமிழ்கள் தெரிந்தன; ஆண் குட்டி. 3 அங்குலத்துக்குக் குறைந்த கொம்புடையதும் சட்டப்படி கொம்பில்லா மானே. எனினும் அதை விட்டுவிட்டு, பின்னால் வந்த பெரிய பெண்மானைச் சுட்டேன். பிளாஸ்டிக் சறுக்குப் பலகையில் இழுத்துவர மூன்று மணி நேரம் ஆனது; மறுநாள் மாலை 5 மணிக்குள் செய்ய வேண்டிய, வேட்டையாடிய மானின் பதிவை அன்றிரவே முடித்தேன்.