சென்னையிலிருந்து குடியம் குகைக்கு: முதல்முறை போகிறவர்களுக்கு

சென்னையில் ஒருநாள் நடைபயணம் என்றால் பலரும் தடா, நாகலாபுரம் என்று ஆந்திரப் பக்கம் கிளம்பிவிடுகிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி, அல்லிக்குழி மலைத்தொடரில் குடியம் குகை இருக்கிறது. பழைய கற்கால மனிதர்கள் வந்து ஒதுங்கிய இடம். மலையேறிப் பழக்கம் இல்லாதவர்களும் போகலாம். ஆனால் ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் போனால், வெயிலில் நடந்து ஒரு பெரிய பாறையைப் பார்த்துவிட்டு வந்ததாகத்தான் முடியும். அதனால் இந்தப் பயணத்தை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தொடங்கச் சொல்வேன். அதற்கு முன் இரண்டு வேலை.

நாளும் அனுமதியும்

மார்கழியும் தையும்தான் சரியான மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. பிப்ரவரி நடுவில் தொடங்கி ஏப்ரல் வரை காட்டுத்தீ அபாயத்தால் வனத்துறை பாதைகளை மூடுவதுண்டு. மே மாதம் பேச்சே வேண்டாம்.

குகை இருப்பது வனத்துறையின் பாதுகாப்பில் உள்ள காப்புக்காட்டுக்குள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் குடியமும் ஒன்று. அதன் இணையதளத்தில் நாளைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். கட்டணம், வயது வரம்பு, வந்து சேர வேண்டிய நேரம் எல்லாம் அங்கேயே இருக்கும். ஊரில் யாரையாவது பிடித்து உள்ளே போய்விடலாம் என்று சில யூடியூப் வீடியோக்கள் சொல்லும், கேட்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இறந்தவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் உண்டு. நடைபயண விதிகள் கடுமையானது அதற்குப் பிறகுதான்.

முந்தைய வாரம்: எழும்பூர்

இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். குடியம் குகையில் ஓவியம் கிடையாது, சிற்பம் கிடையாது. அங்கே பார்க்க வேண்டியது கல். கல்லைப் பார்க்கக் கண் பழகியிருக்க வேண்டும்.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கைக்கோடரியை, அதாவது கையில் பிடித்துப் பயன்படுத்தும் கற்கருவியை, கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பது வெளியே தெரியவந்தது அப்படித்தான். இன்று விமானம் இறங்கும்போது ஜன்னலில் தெரியும் அதே பல்லாவரம். அதே ஆண்டு சக புவியியலாளர் வில்லியம் கிங்கோடு சேர்ந்து குடியத்துக்கு அருகே அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். ஃபூட் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தொகுப்பை 1904 இல் எழும்பூர் அரசு அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. வெள்ளிக்கிழமை தவிர்த்து ஒருநாள் போய் அங்குள்ள கற்கருவிகளைப் பாருங்கள்.

எதைக் கவனிப்பது? குவார்ட்சைட் என்ற கெட்டியான கல்லின் ஓரத்தில் இன்னொரு கல்லால் ஓங்கி அடித்தால் ஒரு சில்லு பெயரும். பெயர்ந்த இடத்தில் ஆழமில்லாத குழி விழும். இப்படி இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சில்லெடுத்தால் ஓரம் கூர்மையாகி, பாதாம்பருப்பு வடிவம் வரும். அதுதான் கைக்கோடரி. தானாக உடைந்த கல்லில் இப்படி ஒழுங்காக, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு குழிகள் வரிசையாக இருப்பது அபூர்வம். நான்கைந்து கருவிகளை நின்று நிதானமாகப் பார்த்தாலே பிடிபட்டுவிடும்.

போகும் வழி

அரக்கோணம் மார்க்கப் புறநகர் ரயிலில் திருவள்ளூர். அங்கிருந்து பூண்டிக்குப் பேருந்து. பூண்டிக்கு அப்பால் குடியம் கிராமம் வரை பேருந்தை நம்ப முடியாது. விடியற்காலையிலேயே வந்து சேரச் சொல்வார்கள் என்பதால் நான்கு பேர் சேர்ந்து ஒரு கார் எடுப்பதே நல்லது.

பை

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர். இதில் கஞ்சத்தனம் வேண்டாம், வழியில் கடை எதுவும் இல்லை. புளியோதரை, எலுமிச்சை சாதம் போல வெயிலுக்குக் கெடாத சாப்பாடு. தொப்பி, முழுக்கை சட்டை, முழுக்கால் பேன்ட் (முட்செடி கிழிக்கும்), ஓ.ஆர்.எஸ். பொட்டலம், கணுக்கால் பிசகினால் சுற்ற ஒரு கிரேப் பேண்டேஜ். சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள். பாறை விளிம்புகளில் தேன்கூடு இருக்கும்; அதே காரணத்தால் சிகரெட், கூச்சல் இரண்டும் கூடாது.

நடை

ஏற்றம் அதிகமில்லை. சிரமம் வெயிலும் தரையும்தான். வழி நெடுகக் கூழாங்கற்கள்; கால் வைத்ததும் உருண்டு ஆளைச் சாய்த்துவிடும். செருப்பு உதவாது, அடிப்பாகம் பிடிமானமான ஷூ வேண்டும். இறங்கும்போது சின்னச் சின்ன அடியாக வையுங்கள்.

அந்தக் கூழாங்கற்கள்தான் இந்த ஊரின் கதையே. இந்த மலை முழுக்கத் திரள்பாறை: 10 கோடி ஆண்டுகளுக்கும் முன் நீரோட்டம் உருட்டிவந்த குவார்ட்சைட் கற்கள் மண்ணோடு இறுகிப் பாறையானது. கருவி செய்யத் தோதான கல் காலடியிலேயே கொட்டிக்கிடந்ததால்தான் ஆதிமனிதர்கள் இந்த வட்டாரத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தார்கள். தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினரின் ஆய்வுப்படி, அத்திரம்பாக்கத்தில் கிடைத்த மிகப் பழைய கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள்.

குகையில்

குகை என்றால் இருட்டுச் சுரங்கம் அல்ல. முன்பக்கம் திறந்து, மேல்பாறை கூரையாக நீண்டிருக்கும் பாறை ஒதுக்கிடம். அண்ணாந்து பார்த்தால் கூரையிலும் அதே உருண்டைக் கற்கள் பதிந்திருக்கும். அவை கழன்று விழக்கூடியவை என்பதால் தளர்ந்த பகுதிக்கு நேர் கீழே உட்கார்ந்து சாப்பிட வேண்டாம். 1962-64 இல் இந்தியத் தொல்லியல் துறையின் கே. டி. பானர்ஜி இங்கே அகழாய்வு செய்தார். ஊர் மக்களுக்கு இது அம்மன் இருக்கும் இடமும்கூட. ஷூவைக் கழற்றச் சொன்னால் கழற்றிவிடுங்கள்.

கருவி போல ஒரு கல் கண்ணில் பட்டால் படமெடுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுங்கள். இடம் பெயர்ந்த கல்லை வைத்து ஆய்வாளரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நம் வீட்டு ஷோகேஸில் அது இன்னொரு கல், அவ்வளவுதான்.

திரும்பும்போது

உச்சி வெயிலுக்கு முன் கீழே வந்துவிட்டால் பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்கு நேரம் இருக்கும். சிறிய இடம்தான். இந்த வட்டாரக் கருவிகளையே வைத்திருப்பதால், வழியில் படமெடுத்த கல்லை அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அன்று திறந்திருக்குமா என்று முதல்நாளே கேட்டுவிடுங்கள்.